காரைக்கால்மேட்டோடு ஒரு ஃபிரெண்ட்லி

“ஃபிரெண்ட்லிதானே” என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் மகன் அடிக்கடி சொல்கிறான். சீசன் தொடங்குவதற்கு முன்னால் அவனுடைய வெளிநாட்டு ஃபுட்பால் டீம் ஏதோ ஒரு நாட்டுக்குப் போய் உதை வாங்கிக்கொண்டிருக்கும். அவன் பாட்டுக்குக் கால்மேல் கால் போட்டுச் சிப்ஸ் தின்றுகொண்டு, “ஃபிரெண்ட்லிதானே உம்மா, இதெல்லாம் கணக்குல வராது” என்பான்.

கணக்கில் வராத ஆட்டம் என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தொற்றிக்கொண்டு தொண்டை கட்டுமட்டும் கத்தியவர்கள் நீங்கள். இப்போது உங்களில் ஒருத்தி பாரிஸில் இருக்கிறாள், ஒருத்தி துபாயில், ஒருத்தி அதே தெருவில் நாலு வீடு தள்ளி. எல்லோருக்கும் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்த ஏப்ரல் ஆட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் பாதியைத்தான் பார்த்தீர்கள். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நமக்கெல்லாம் பன்னிரண்டு வயது இருக்கும். மே மாதத்தில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்கள், லீவில் ஊருக்கு வந்ததும் டோர்னமென்ட் தொடங்கும். அதற்கு முன்னால் நம் தெரு டீம் ஒரே ஒரு ஃபிரெண்ட்லி ஆடும், எப்போதும் பக்கத்து மீனவ ஊரான காரைக்கால்மேட்டோடுதான். காரணம் எளிது. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். படகுகள் எல்லாம் கரையேறிவிடும். அவர்களுடைய டீம் ஆள் குறையாமல் வந்து இறங்கும். கோல் கம்பத்துக்கு வலையும் அவர்களே கொண்டுவருவார்கள். கிழிந்து ஒதுக்கிய மீன்வலை. கட்டி முடித்ததும் எங்கள் வீட்டுக் கொல்லைவரை கவுச்சி வாடை அடிக்கும். ஆட்டம் முடிந்து அவர்கள் அவிழ்த்துக்கொண்டு போன பிறகு கம்பத்தடியில் சின்னச் சின்னச் சிப்பி கிடக்கும். நாம் பொறுக்குவோம்.

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர்தான் மைதானத்தின் மேற்கு எல்லை. மேற்குப் பக்கத்துக் கோல் கம்பம் அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. மாடியில் நின்று எட்டிப் பார்த்தால் கோல் காக்கும் கோலியின் உச்சந்தலை தெரியும். ஆம்பளைகள் வெயிலில் நின்று புழுதி குடிக்க, நமக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் முழு மைதானமும் விரித்துவைத்த பாய் மாதிரி தெரியும். அதனால்தானோ என்னவோ, நம் டீம் செய்த அத்தனை முட்டாள்தனமும் நம் கண்ணில்தான் முதலில் பட்டது.

கோலி என் மாமா. உம்மாவின் தம்பி. வாப்பா வளைகுடாவில் இருந்ததால் வீட்டுக்கு ஆண்துணையாக எங்களோடு இருந்தார். ஒரு பெயிண்டுக் கடையில் வேலை. நல்ல உயரம். பக்கவாட்டிலிருந்து பந்து தூக்கிப் போடப்பட்டால் கூட்டத்துக்குள் பாய்ந்து எல்லோருடைய தலைக்கும் மேலே இரண்டு கையாலும் பிடித்துவிடுவார். அதைப் பார்த்து நாம் கைதட்டுவோம்.

உங்களுக்குத் தெரியாதது இதுதான். மாமாவுக்குத் தூரத்தில் எதுவும் சரியாகத் தெரியாது.

கண் டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்து, அதைச் செய்தும் வாங்கியாகிவிட்டது. கனமான கண்ணாடி, போட்டால் கண்கள் சின்னதாகி உள்ளே போய்விட்டது மாதிரி இருக்கும். அது உம்மாவின் பீரோவில் புடவை அடுக்குக்குப் பின்னால் இருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய வருடம் மாமாவுக்குப் பேசிய ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. கண்ணாடியைப் பார்த்துத்தான் அவர்கள் பின்வாங்கினார்கள் என்று உம்மா முடிவு கட்டிவிட்டார். கண்ணாடி போட்ட மாப்பிள்ளையைச் சீக்காளி என்று நினைப்பார்களாம். நிக்காஹ் முடிகிறவரை வெளியே போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தக் குடும்பத்துப் பெண்மணியைச் சந்தித்தேன். வெளிநாட்டு விசா உள்ள மாப்பிள்ளையாகத் தேடினார்களாம், அவ்வளவுதான். மாமா கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா என்றே அந்த அம்மாவுக்கு நினைவில்லை. இதற்காக ஒரு மனிதர் ஒரு வருடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊரில் தடவித் திரிந்தார். கும்பகோணம் போக பஸ் ஏறி நாகப்பட்டினத்தில் போய் இறங்கி, தூங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

அப்படியானால் எப்படிக் கோலியாக நின்றார் என்று கேட்பீர்கள். கிட்டே வந்த பந்தை அவர் விட்டதில்லை. சத்தத்தை வைத்தும், ஓடி வரும் கால்களை வைத்தும் ஒப்பேற்றினார். தூரத்திலிருந்து அடித்தால் மட்டும் பந்து பாதி வழி வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். முந்தைய டோர்னமென்டில் அப்படி ஒரு தூரத்து அடியில்தான் வெளியேறினோம். நீங்கள் எல்லோரும் பின்னால் நின்ற டிஃபென்ஸ்காரர்களைத் திட்டித் தீர்த்தீர்கள். எனக்கு வாயைத் திறக்க வழியில்லை. நானும் டிஃபென்ஸையே திட்டினேன்.

அந்த வருடம் புதிதாக வந்தவர் டீமை நடத்தும் கமிட்டியின் தலைவர். நெடுநாள் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்து ஃபேன், மிக்ஸிக் கடை வைத்தவர். அங்கே டிஷ் ஆண்டெனாவில் ஐரோப்பிய ஆட்டமாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். நம் டீமை அதே மாதிரி ஆடவைக்கப்போவதாகச் சொல்லிப் பள்ளிவாசல் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் படம் போட்டார். பின்னால் நிற்கும் நால்வரும் கோல் பக்கமே நிற்கக் கூடாது. நடுக்கோடுவரை ஏறி ஒரே வரிசையாக நிற்க வேண்டும். எதிராளி அந்த வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கினால் ஆஃப்சைடு, விசில் அடித்துவிடுவார்கள். இப்போது என் மகனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது அது தப்பான திட்டம் இல்லை என்று தெரிகிறது. பெரிய டீம்கள் எல்லாம் அப்படித்தான் ஆடுகின்றன. ஆனால் அவர்களுக்குக் கோட்டோரம் கொடி பிடிக்க ஆள் இருக்கிறது. கண் தெரிகிற கோலி இருக்கிறார்.

இதில் உம்மா செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் சிகரம். போலகம் பக்கத்திலிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் வாப்பா அரிசி வியாபாரி, கால்பந்துப் பைத்தியம். மாப்பிள்ளையைப் பார்க்க எப்போது வரலாம் என்று அவர்கள் கேட்டனுப்ப, உம்மா அந்த ஃபிரெண்ட்லிக்கு வரச்சொல்லிவிட்டார். பெண்ணின் வாப்பா மைதானத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். பெண்ணும் அவளுடைய உம்மாவும் வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி எங்கள் மாடிக்கு வந்துவிடலாம். மாமா முகம் வெளுத்துப்போய், டோர்னமென்டுக்குக் கூப்பிடலாமே என்றார். உம்மா கேட்கவில்லை.

“டோர்னமென்டுல தோத்துட்டா என்ன செய்யிறது? இது ஃபிரெண்ட்லிதானே தம்பி. சும்மா போய் நில்லு, போதும்.”

அன்று மத்தியானத்திலிருந்தே வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கிற வாடா ஒரு தாம்பாளம் நிறைய. நன்னாரி சர்பத் ஒரு குடம். மாடித் தளம் சுடும் என்று நீங்களும் நானும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய நிமிடமே ஆவியாகி, சுட்ட செங்கல் வாசனை எழுந்தது. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் கோணல். அதில் யாரும் உட்கார்ந்துவிடாமல் நாம் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம்.

பெண் வந்தாள். கருநீலத்தில் பூப்போட்ட தாவணியை முக்காடிட்டிருந்தாள். கையில் ஒரு சின்னக் கைப்பை. அதை மடியை விட்டு இறக்கவே இல்லை. அவளுடைய உம்மா எங்கள் உம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தார். இவள் பேசவில்லை. எனக்கு அவளைப் பார்த்ததும் எரிச்சலாக இருந்தது. டீமைப் பார்க்க வந்தவள் இல்லை, மாப்பிள்ளை பார்க்க வந்தவள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

நாலரைக்கு என்று சொன்ன ஆட்டம் அப்போது தொடங்கவில்லை. தலைவர் மைக் பிடித்தார். விளையாட்டின் சிறப்பைப் பற்றிப் பேசினார், ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், தன் கடையைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். பிறகு புதுச் சட்டைகளைக் கொடுத்தார். வெளிர்நீலச் சட்டைகள். காரைக்கால்மேட்டுக்காரர்கள் ஏற்கெனவே வெளிர்நீலத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். நம் பழைய பச்சைச் சட்டையையே போட்டுக்கொள்ளலாம் என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். போட்டோ எடுக்க ஆள் வந்திருக்கிறார், புதுச் சட்டையைக் கழற்ற முடியாது என்று தலைவர் மறுத்துவிட்டார். கடைசியில் காரைக்கால்மேட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் தங்கள் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டு வெறும் உடம்போடு ஆட வந்தார்கள். மாடியில் பெரியவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம்தான்.

டாஸ் நமக்கு விழுந்தது. கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது, காற்றோடு ஆடுவோம் என்று தலைவர் கிழக்குப் பக்கத்தை எடுக்கச் சொன்னார். காற்றைப் பார்த்தவர் சூரியனைப் பார்க்கவில்லை. கிழக்குக் கோடியில் மேற்கே பார்த்து நின்ற கோலியின் கண்ணுக்கு நேரே வெயில். ஏற்கெனவே பாதிதான் தெரியும். இப்போது அதுவும் இல்லை.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நம் டிஃபென்ஸ் நால்வரும் படத்தில் உள்ளபடி நடுக்கோடுவரை ஏறினார்கள். ரெஃப்ரியாக இருந்த டிரில் மாஸ்டரால் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்க முடியாது. கோட்டோரம் கொடி பிடிக்க இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் வரவே இல்லை. வந்தவர் முக்கால்வாசி நேரம் ஐஸ் வண்டியிடம் நின்றார். காரைக்கால்மேட்டின் சென்டர் ஃபார்வர்டு நெட்டையான ஆள், படகில் வேலை பார்ப்பவர். அவர் நம் வரிசைக்குப் பின்னால் சாவகாசமாக நடந்துபோய் நின்றுகொண்டார். நம் டிஃபென்ஸ்காரர்கள் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, பந்து அவர்கள் தலைக்கு மேலே போய் அவர் காலில் விழுந்தது. அவர் தூரத்திலிருந்தே அடித்தார். மாமா வலப்பக்கம் ஓர் எட்டு வைத்தார். பந்து இடப்பக்கம் போய் மீன்வலையில் விழுந்தது.

“யாரு போட்டா?” என்று பெண் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கேட்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவங்கதான் என்று சொன்னேன். இரண்டாவது கோலும் அச்சுஅசலாக அப்படியே விழுந்தது. இந்த முறை மாமா அசையவே இல்லை. பெண் மறுபடியும், இது யாரு என்று கேட்டாள். உம்மா சர்பத் டம்ளரைக் கையில் பிடித்தபடி சம்பந்தியம்மாவிடம், தம்பிக்கு நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் டிஃபென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பெண் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள். நான் கீழே கூட்டிப்போனேன். மாடிப்படித் திருப்பத்தில் அவள் நின்று கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாமாவின் கண்ணாடிக்குக் கொஞ்சமும் குறையாத கனம். என்னைப் பார்த்து, யாரிடமும் சொல்லாதே என்றாள். அவளுடைய உம்மா அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லித்தான் கூட்டிவந்தாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இரண்டு பக்கமும் கண்ணை ஒளித்துவைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உட்காரவைத்திருக்கிறார்கள்.

தண்ணீரை அவள் குடிக்கவே இல்லை. மேலே வந்து நாற்காலிக்குப் போகாமல், பெரியவர்கள் கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது கோல் விழுவதை அவள் முழுதாகப் பார்த்தாள். அந்த நெட்டை ஆள் பந்து வாங்கும்போது நம் கோலுக்கும் அவருக்கும் நடுவில் மாமாவைத் தவிர ஒரு குருவி கூட இல்லை. பெண் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கு மூன்று அண்ணன்மார், வீட்டில் பந்துப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இடைவேளை முடிந்து டீம்கள் பக்கம் மாறின. மாமா எங்கள் சுவரடிக்கு வந்து நின்றார். தலைவர் கோட்டோரம் நின்று, ஏறுங்கள் ஏறுங்கள் என்று டிஃபென்ஸை மறுபடியும் நடுக்கோட்டுக்கே விரட்டினார். மூன்று கோல் வாங்கிய பிறகும் அந்த மனிதருக்குத் தன் படத்தின் மேல் இருந்த நம்பிக்கை இம்மியும் குறையவில்லை.

மாமாவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் பெண் கைப்பிடிச் சுவருக்கு மேலே இன்னும் குனிந்தாள். அவர் கழுத்தை முன்னே நீட்டி, பந்து எங்கே என்று தேடித் தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

“அவங்களுக்கும் தூரத்துல தெரியலைல்ல?” என்று கேட்டாள்.

 அதற்குள் பந்து நம் வரிசையைத் தாண்டிவிட்டது. நெட்டை ஆள் காலைத் தூக்கினார்.

“எடது கைப்பக்கம்!” என்றாள் அவள். கத்தினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே கேட்டது. மாமா யோசிக்காமல் இடப்பக்கம் விழுந்தார். பந்து அவர் முழங்கையில் பட்டு வெளியே போனது.

மாமா எழுந்து மேலே பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும், வானத்தைத் தவிர.

அடுத்த முறை அவள் இன்னும் தெளிவாகச் சொன்னாள். “நில்லுங்க, நில்லுங்க, அது வெளிய போவுது.” அவர் நின்றார், அது வெளியே போனது. “வெளிய வாங்க. இன்னும் வாங்க. இப்ப விழுங்க.” அவர் விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தையில் கூட மரியாதை குறையவில்லை. வாங்க, போங்க, குதிங்க என்று முன்பின் பேசிப் பழகாத ஓர் ஆளுக்கு மாடியிலிருந்து உத்தரவு போட்டாள். அவர் அத்தனைக்கும் கட்டுப்பட்டார். நீங்கள் எல்லோரும் கத்துவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். ஏன் சொல்கிறாள் என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. ஆட்ட ஆர்வத்தில் சொல்கிறாள் என்று நினைத்தீர்கள்.

அவளுடைய உம்மா ஓடி வந்து முதலில் செய்த காரியம், மகளின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்ததுதான். அவள் தலையை மட்டும் நகர்த்திக்கொண்டு, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “கார்னரு வருதும்மா, இருங்க” என்றாள்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். நம் ஒரு கோல் எப்படி விழுந்தது என்றே எனக்கு நினைவில்லை. யாரும் பார்க்கவில்லை. கைகுலுக்கும்போது நெட்டை ஆள் சிரித்துக்கொண்டே மாமாவிடம், “பாய், ரெண்டாவது பாதியில ஒங்க பக்கம் ரெண்டு கோலி நின்னாங்க” என்று சொன்னாராம். வலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்துபோய்விட்டார்கள்.

விருந்தாளிகள் வாடாவைத் தொடாமலே கிளம்பினார்கள். பெண்ணின் வாப்பா மைதானத்திலிருந்து நேராக வண்டிக்குப் போய்விட்டார். படியிறங்கும்போது பெண் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் உம்மா ஆரம்பித்துவிட்டார். ஊர் முன்னால் ஆம்பளையைப் பார்த்துச் சத்தம் போடுகிற பெண் நமக்கு வேண்டாம். அதை விடப் பெரிய குற்றம் இன்னொன்று இருந்தது.

“கண்ணாடி போடுற பொண்ணு. நம்மகிட்ட மறைச்சுல்ல கட்டிவைக்கப் பாத்திருக்காங்க.”

நான் பீரோவைப் பார்த்தேன். உம்மாவும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு போய் நாற்காலிகளை இறக்கு என்றார். நான் ஒன்றும் பேசியிருக்கவே இல்லை.

மாமா கொல்லைக் கதவு வழியாக வந்தார். உடம்பெல்லாம் புழுதி, முழங்கையில் தோல் வழன்றிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, மேலேயிருந்து சொன்னது யார் என்று கேட்டார். அந்தப் பொண்ணு என்றேன். எந்தப் பொண்ணு என்றார். உங்களைப் பார்க்க வந்த பெண்தான், அவளும் கண்ணாடி போடுகிறவள்தான், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். மாமா குனிந்து காலணியின் நாடாவை அவிழ்த்தார். அவிழ்த்ததையே மறுபடி கட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, புடவைகளைக் கலைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உம்மா முன்னால் போய் நின்றார். சண்டையெல்லாம் போடவில்லை.  உம்மா புடவைகளை மட்டும் மறுபடி அடுக்கினார்.

இரண்டு வீட்டிலிருந்தும், மனசுக்கு ஒத்துவரவில்லை என்று ஒரே நேரத்தில் சொல்லியனுப்பிவிட்டார்கள். எங்கள் தரப்பில் சொன்ன காரணம், பையன் சபுர் போகப்போகிறான் என்பது. அவர்கள் சொன்ன காரணம், பெண் மேலே படிக்கப்போகிறாள் என்பது. இரண்டுமே பொய். கண்ணாடி என்ற வார்த்தை மட்டும் இரண்டு பக்கத்திலும் வாயில் வரவில்லை. இந்தப் பெரியவர்களோடு எப்படித்தான் அத்தனை வருடம் குடித்தனம் செய்தோம் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமா, கடைத்தெரு வரை என்று சொல்லி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். கடைத்தெரு வந்தது, போனது. வண்டி போலகம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் மாமா பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். உரக்கடை, சைக்கிள் கடை, பல் டாக்டர், எஸ்டிடி பூத், ஒன்று விடவில்லை. வயலுக்கு நடுவில் நின்ற கொக்கைக் காட்டி, அது கொக்குதானே என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. வேகமாக ஓட்டுங்கள் என்றேன்.

பெண்ணின் வாப்பா கூடத்தில் உட்காரச்சொன்னார். மாமா கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, எங்கள் வீட்டில் இதை மறைத்தது தப்புதான் என்றார். நாங்களும் மறைத்தோம் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.  ஃபேன் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பெண்ணின் வாப்பாவால் அடக்க முடியவில்லை.

“கண்ணாடி போட்டுக்கிட்டு எப்படிக் கோலியில நிப்பீங்க?”

“நிக்க மாட்டேங்க. தலைவர்ட்ட சொல்லிட்டேன்.”

எனக்கு அது அப்போதுதான் தெரியும். டோர்னமென்டுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஈரம் இருந்திருக்காது. பெண்ணின் வாப்பாவின் முகமும் விழுந்துவிட்டது. அவருக்கு மருமகனாக ஒரு கோலி கிடைக்கப்போகிறான் என்று ஆசை இருந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும்.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது.

“மூணாவது கோலு ஆஃப்சைடுங்க. அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க வாப்பா.”

பெண்ணின் வாப்பா திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். முதல் இரண்டும் கூட ஆஃப்சைடுதான் என்றார். அதன் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி மூவரும் பேசிய பேச்சுக்கு முடிவே இல்லை. ஒருவர் திரைக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. உம்மா முறுக்கிக்கொண்டு பிறகு இறங்கி வர, பெருநாள் கழித்து நிக்காஹ் என்று முடிவானது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. நம் டீமுக்குக் கோலி மட்டும் கிடைக்கவில்லை. எனக்கு மாமியாகிவிட்ட அவளை மன்னிக்க ஒரு முழு வருடம் ஆயிற்று.

டோர்னமென்டில் கோலியாகத் தலைவரின் சின்னம்மா மகன் நின்றார். டோர்னமென்டை மட்டும் நாம் மைதானத்துக்கே போய் நின்று பார்ப்போம், அப்படிப் பார்த்த கடைசி வருடம் அது. மறுவருடத்திலிருந்து மாடியோடு சரி என்று எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். மாமா என் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி வெளியே நின்று நம் டீமைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. டிஃபென்ஸ்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஆடியவர் எதிராளிக்கே பந்தைக் கொடுத்துவிட்டு அவனோடு சேர்ந்து ஓடினார். வலது ஓரத்தில் ஆடியவர் அடித்த பந்து ஐஸ் வண்டியில் விழுந்தது. மாமா முதலில் முணுமுணுத்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். அரை மணிநேரம் போனதும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நன்றாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மைதானத்தில் எதுவும் மாறவில்லை.

என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டார்.

“இத்தன வருசமும் நம்ம பசங்க இப்படியா ஆடிக்கிட்டு இருந்தானுங்க?”

“இப்படித்தான் மாமா” என்றேன்.